கொல்லிமலைப் பாதையும் லாரியின் முன்னச்சும்

கொல்லிமலையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் வல்வில் ஓரியிடமிருந்தே தொடங்குவர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவனுடைய வில்லாற்றலையும் கொடைத்திறத்தையும் வியந்து, கொல்லிப்பாவையைத் தொட்டுச் சென்று, அறப்பளீசுவரர் ஆலயத்தையும் ஆகாயகங்கை அருவியையும் வருணித்து முடிப்பது மரபு. அவற்றையெல்லாம் அன்பர்கள் பலகாலும் படித்திருப்பர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அத்துணை எழில் வாய்ந்ததன்று. அஃது ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள ஓர் உருக்கு ஆணியைப் பற்றியது. மோட்டார் லாரியின் முன்னச்சில், சக்கரத்துக்கு ஒன்றாக, இத்தகைய ஆணிகள் இரண்டு நிற்கின்றன. பட்டறைகளில் இதனைக் 'கிங்பின்' என்பர். மலைமேல் வாழ்வோருக்கு வேண்டிய அரிசியும் உப்பும் சிமெண்டும் மேலே செல்வதும், அவர்கள் விளைவிக்கும் மரவள்ளியும் மிளகும் அன்னாசியும் கீழே இறங்குவதும் இவ்விரண்டு ஆணிகளின் தயவினால் என்றால், பட்டறையைக் காணாதார் நம்புவது அரிது.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக அடிவாரமாகிய காரவள்ளி வரையில் பாதை சமதரையிலே செல்கின்றது. அங்கிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள. முதன்முறை செல்வோர் அவற்றைக் குழந்தைகளைப் போல உரக்க எண்ணிக்கொண்டு வருவர். இருபதாவது வளைவுக்கு மேல் பலருக்கு எண்ணும் உற்சாகம் ஒழிந்து வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் நிலை வந்துவிடும். வண்டியோட்டுபவருக்கோ எண்ணாமல் இருக்க வழியில்லை. சமதரையில் ஓடும் லாரி தன் முன்சக்கரங்களை முழுதும் திருப்பும் சமயங்கள் மிகச் சிலவே. சேலத்திற் புறப்பட்டுப் பெங்களூர் சென்று சேரும் வண்டி, சுமை ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலுமன்றி வேறெங்கும் அவ்வாறு திருப்புவது அரிது. கொல்லிமலை வண்டியோ ஏறுகையில் 70 முறையும் இறங்குகையில் 70 முறையும் திருப்பியாக வேண்டும். நாளொன்றுக்கு ஒரு நடை, ஆண்டுக்கு 300 நாள் என்று கொள்வோமாயின் 42,000 திருப்பங்கள் ஆகின்றன. அன்றியும், இறங்குகையில் பிரேக்கை மிதிக்குந்தோறும் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்ந்து முன்னச்சின்மேலே விழுகின்றது. முழுப் பாரமும் முழுத் திருப்பமும் ஒருங்கே வந்து அந்த ஆணியை அழுத்துகின்றன. சமதரையிற் பல்லாண்டு உழைக்கும் ஆணி மலையில் விரைவில் தேய்வதில் வியப்பென்ன?

பாதை இல்லாத காலமும் இருந்தது. 1913ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி பிராண்டு துரையும் அவர்தம் மனைவியார் ஈவ்லின் அம்மையாரும் இம்மலையில் ஊழியம் செய்யப் புகுந்தபோது, ஏறுவோர் கால்நடையாகவோ டோலியிலோ ஏறினர். வீடு கட்டும் சாமான்களும் மருந்துப் பெட்டிகளும் ஆட்களின் தலைச்சுமையாகவே ஏறின. 1929இல் துரையவர்கள் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். அம்மையாரோ முதுமையிலும் மலையை விடாது உழைத்து 1974இல் காலமானார். இவர்களைப் பற்றி நம் கல்லூரி ஆலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஆயினும் தலைச்சுமைக்குப் பதிலாக வந்த லாரியை எவரும் நினைவு கூர்ந்ததாகத் தெரியவில்லை.

நிற்க. இந்த ஆணி செய்யும் வேலை யாது? நம் ஊர்த் தேர்களை நோக்குவோம். தேருக்கு அச்சு உண்டு, சக்கரம் உண்டு. திரும்பும் அச்சு இல்லை. வீதிமுனையில் தேரைத் திருப்ப வேண்டின், முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தினடியிற் கட்டையைச் செருகிச் செருகி, வடம் பிடிப்போர் வலிமையால் அதனை இழுத்துத் திருப்புகின்றனர். மாட்டு வண்டிக்குச் சக்கரம் இரண்டே ஆதலின் மாடு திரும்பினால் வண்டியும் திரும்பும். நான்கு சக்கரக் குதிரை வண்டி செய்த மேனாட்டார், முன்னச்சு முழுவதையும் நடுவே ஓர் ஆணியில் மாட்டி, அச்சோடு சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பினர். குறுகிய இடத்தில் திருப்பினால் அவ்வண்டி குடைசாயும் அபாயம் இருந்தது. 1817இல் மியூனிக் நகரத்து வண்டித் தொழிலாளரான லாங்கன்ஸ்பெர்கர் என்பவர், அச்சை அசையாது நிறுத்தி, அதன் இரு முனைகளிலும் தனித்தனி ஆணி அமைத்துச் சக்கரங்கள் மட்டும் திரும்பும்படி செய்தார். அவருடைய முகவராக இலண்டனில் இருந்த அக்கர்மன் என்பவர் 1818இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். செய்தவர் பெயர் மறைந்து முகவர் பெயரே இன்றளவும் அவ்வமைப்புக்கு வழங்குகின்றது. உலக வழக்கு அவ்வாறே போலும்!

வளைவில் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் உருள்வதால், உட்சக்கரம் சற்று மிகுதியாகத் திரும்ப வேண்டும். அவ்வாறு திருப்பும் பொருட்டு இரண்டையும் இணைத்து நிற்பது டை ராடு என்னும் நீண்ட கம்பி. லாரியின் முன்னச்சு ஓர் உருக்கு உத்தரம். அதன் முனையை ஒரு கவை கவ்விக்கொண்டிருக்கின்றது. அக்கவையிலிருந்து வெளியே நீளும் தண்டின்மேலே சக்கரம் சுழல்கின்றது. கவையும் தண்டும் சேர்ந்த அவ்வுறுப்பே ஸ்டப் ஆக்சில். கவையின் மேல்விரல், அச்சின் முனை, கவையின் கீழ்விரல் ஆகிய மூன்றையும் ஊடுருவி நிற்பது நம் கிங்பின். அச்சினுள் அது சுழலாதபடி காட்டர் பின் என்னும் குறுக்காணி அதனைப் பூட்டி வைக்கும். கவை விரல்களின் துளைகளில் புஷ் என்னும் உலோகக் குழல்கள் உள. அச்சு கீழ்விரலின்மேல் அமரும் இடத்தில் த்ரஸ்ட் பேரிங் இருந்து பாரத்தைத் தாங்குகின்றது. தேய்வது புஷ்ஷும் ஆணியும். வள்ளுவர் தேரின் அச்சாணியை ஓரிடத்திலும் வண்டியின் அச்சு முறிவதை மற்றோரிடத்திலும் உவமையாக ஆண்டார். இக்காலத்தவராயின் புஷ்ஷையும் விட்டிருக்கமாட்டார்.

சென்ற தை மாதத்தில் நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்க்கு மலையில் முகாம் நடத்த ஏற்பாடாயிற்று. அரிசி, பருப்பு, பாத்திரம், சிமெண்டு மூட்டைகள் ஆகியவற்றை ஏற்றிச் செல்ல ஒரு பழைய லாரியை வாடகைக்கு அமர்த்தினோம். அதன் சொந்தக்காரர் மலையிலேயே பிறந்தவர், தாமே ஓட்டுபவர். மேலே எங்கள் சுமையை இறக்கிவிட்டு, கீழே வருகையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வருவதென்பது அவருடைய திட்டம். மரவள்ளி அறுவடைக் காலம் அது. அக்காலத்தில் ஒருநாள் வண்டி நின்றால் அந்நாளின் வருவாய் போவதோடு, கிழங்கு கொடுப்பவரும் வேறு வண்டியை நாடிவிடுவர். பிடுங்கிய கிழங்கு நெடுநாள் தாங்காது.

சேந்தமங்கலம் தாண்டுமுன் அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். "ஸ்டீரிங் கையில நடுங்குதுங்க ஐயா. இப்படியே மலை ஏத்தறதுக்கில்லீங்க" என்றார். முன்னே சென்று டயரைத் தடவிப் பார்த்தார். நாமும் தடவினோம். ஒரு திசையிற் கையை ஓட்டினால் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ஓட்டினால் அரம்போலவும் இருந்தது. சக்கரம் நேராக உருளாமல் சாலையைத் தேய்த்துக்கொண்டு சென்றமைக்கு அதுவே அடையாளம் என்றார். வண்டியை மெல்லத் திருப்பித் தமக்குப் பழகிய ஒரு பட்டறைக்கு ஓட்டிச் சென்றார்.

அப்பட்டறை ஒரு வேப்பமரமும் தகரக் கொட்டகையுமே. அதன் மேஸ்திரி அறுபது வயதை அடுத்தவர். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் இளமை முதல் உழைத்தவர். அவர் முதலிற் செய்தது ஸ்பேனரை எடுப்பதன்று. சுமையை இறக்கச் செய்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும்போதே சிறிது தளர்த்தி, பிறகே ஜாக்கியை அச்சினடியில் வைத்து உயர்த்தினார். நட்டைத் தூக்கிய பின் தளர்த்தப் புகுந்தால் சக்கரம் சுற்றும், வண்டியும் ஆடும். பழைய வண்டிகள் சிலவற்றில் இடப்புறச் சக்கரத்து நட்டுகள் எதிர்மறைத் திருகு உடையன. அதனை அறியாதார் தளர்த்துவதாக எண்ணி இறுக்கிக்கொண்டே போய் போல்ட்டை முறிப்பர். உயர்த்திய அச்சினடியில் பருத்த மரக்கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் அச்சை இறக்கிய பின்னரே ஆளைக் கீழே நுழைய விட்டார். ஜாக்கி தூக்குவதற்கே அன்றித் தாங்குவதற்கு அன்று என்பது அவர் கொள்கை. ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின்கீழ்ப் படுத்து உயிரிழந்தோர் செய்தியை நாம் பத்திரிகைகளிற் பலமுறை படித்திருக்கின்றோம்.

அடுத்துச் சோதனை. சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து உள்ளும் புறமும் அசைத்தார். ஆட்டம் தெரிந்தது. ஆயினும் ஆட்டம் ஹப் பேரிங்கிலா, கிங்பின்னிலா என்பதைக் கை அறியாது. ஆகவே வண்டிக்காரரை மேலே ஏறிப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மீண்டும் அசைத்தார். பிரேக் பிடித்தவுடன் சக்கரமும் ஸ்டப் ஆக்சிலும் ஒன்றாகிவிடுகின்றன; ஹப் பேரிங்கின் ஆட்டம் அப்போது மறைந்துவிடும். மறையாது நிற்குமாயின் குற்றம் கிங்பின்னில். எவ்வளவு எளிய உபாயம்! நம் ஆய்வுக்கூடங்களில் ஒரு காரணத்தை நிறுத்திவைத்து மற்றொன்றைச் சோதிக்கும் முறையைக் கற்பிக்க எத்தனை பாடவேளை செலவிடுகின்றோம்! இம்மேஸ்திரி அதனை ஒரு பிரேக் மிதியாற் காட்டிவிட்டார். பிறகு சக்கரத்தின் இடவல விளிம்புகளைப் பிடித்து அசைத்து, டை ராடு முனைகளின் ஆட்டத்தையும் தனியே கண்டார். இரு புறத்திலும் கிங்பின் ஆடிற்று, வலப்புறத்தில் மிகுதி.

"ரெண்டு பக்கமும் மாத்தணும் தம்பி" என்றார் மேஸ்திரி.

"வலது பக்கம் மட்டும் இப்போ பார்த்துக்கலாங்களா அண்ணா? கிழங்குப் பணம் வந்ததும் இன்னொண்ணு" என்று வண்டிக்காரர் தயங்கினார்.

"ஒரு காலுக்குப் புதுச்செருப்பு, ஒரு காலுக்குத் தேஞ்ச செருப்பு போட்டுட்டு மலை ஏறுவியா?"

வண்டிக்காரர் மேலும் பேசவில்லை. ஒருபுறம் இறுக்கமும் மறுபுறம் ஆட்டமும் இருப்பின் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். புதிய டயரும் விரைவில் தேய்ந்துவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றுவதே முறை என்பதை அங்கிருந்த உதவியாட்களும் நமக்கு விளக்கினர்.

மாலையாகிவிட்டமையால் அன்று அவர் செய்தது ஒன்றுதான்: ஆணியின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் காட்டர் பின்னைச் சுற்றியும் துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, எண்ணெய் ஊற்றி இரவு முழுதும் ஊறவிட்டார். இவ்வேலையில் மிகப் பயன்படும் கருவி யாது என்று நம்மைக் கேட்பின், அந்த ஓர் இரவே என்போம்.

மறுநாட் காலையிற் சக்கரங்களைக் கழற்றினர். ஹப் மூடியைத் திறந்து, ஸ்பிலிட் பின்னை நேராக்கி உருவி எறிந்தனர். பழையதை மீண்டும் போடுவது கூடாது, வளைத்து நிமிர்த்திய கம்பி ஓடும் வழியில் ஒடியும் என்றார். பெரிய நட்டைக் கழற்றி, வெளிப் பேரிங்கைத் தனித் துணியில் வைத்து, ஹப்பையும் டிரம்மையும் வெளியே இழுத்தனர். பிரேக் தகட்டைக் கழற்றியபோது அதனைக் குழாயில் தொங்கவிடாது கம்பியால் சட்டத்தோடு கட்டிவைத்தனர். டை ராடு முனையைக் கழற்ற, மேஸ்திரி அதன் திருகை அடிக்கவில்லை. அது மாட்டியிருக்கும் கண்ணின் ஒருபுறத்தில் கனத்த சுத்தியலைத் தாங்கலாகப் பிடித்து, மறுபுறத்தில் மற்றொரு சுத்தியலால் ஓங்கி ஓர் அடி கொடுத்தார். கூம்பு வடிவான ஆணி தானே கழன்று விழுந்தது. திருகை அடித்திருந்தால் அது நசுங்கி, நட்டும் ஏறாது போயிருக்கும்.

காட்டர் பின் ஒருபுறம் பருத்து ஒருபுறம் சிறுத்திருக்கும். சிறுத்த முனையிலே திருகும் நட்டும் உண்டு. நட்டைச் சிறிது தளர்த்தி, முழுவதும் கழற்றாமலே அதன்மேல் அடிக்க வேண்டும். அடி நட்டின்மேல் விழுந்து திருகு காக்கப்படும். அது விடுபட்ட பின்னர், பித்தளைத் தண்டை ஆணியின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடிக்கத் தொடங்கினர். இடப்புற ஆணி பதினைந்து அடியில் இறங்கிற்று. வலப்புற ஆணி அசையவில்லை. உதவியாளாகிய இளைஞன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, கேஸ் காட்டட்டுமா?" என்றான். நெருப்பிட்டால் இரும்பு விரிந்து ஆணி எளிதில் வரும் என்பது உண்மையே.

"காட்டினா ஆணி வந்துரும், அச்சு போயிரும்" என்றார் மேஸ்திரி.

அடித்து உருவாக்கி, சூடும் குளிர்ச்சியும் கொடுத்துப் பதமாக்கிய உருக்கு அது. பட்டறையிற் கண்டபடி சுடுவோமாயின் அப்பதம் கெட்டுவிடும். கெட்டது வெளியே தெரியாது. நாற்பதாவது வளைவில் தெரியலாம். ஆகவே மீண்டும் எண்ணெய் ஊற்றி, தேநீர் அருந்தி வந்து, அயலிலிருந்து நீரழுத்த அழுத்தி ஒன்றை இரவல் வாங்கி மாட்டினர். நண்பகலில், துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஓசையோடு ஆணி நகர்ந்தது. அதனைக் கையில் வாங்கிப் பார்த்தோம். ஒருபுறம் முழுமையாகவும் ஒருபுறம் நகத்தால் உணரத்தக்க பள்ளமாகவும் இருந்தது. புஷ்ஷோ வட்டம் கெட்டு முட்டை வடிவம் கொண்டிருந்தது. கிரீஸ் செல்லும் துளை மண்ணால் அடைபட்டிருந்தது. வண்டிக்காரர் தவறாது கிரீஸ் அடித்தே வந்திருக்கின்றார். அது நிப்பிளின் வாயிலேயே வழிந்து போயிற்றே அன்றி உள்ளே சேரவில்லை. அடித்தவர் அறிவதற்கு ஒரே வழி, பழைய கிரீஸ் விளிம்பிலிருந்து கசிந்து வெளியே வருகின்றதா என நோக்குவதே. வாராவிடின் நிப்பிளை மாற்றித் துளையைத் துலக்க வேண்டும்.

இவ்வளவில் வேலை எளிதென நினைத்தோம். மேஸ்திரி ஸ்டப் ஆக்சில்கள் இரண்டையும் மண்ணெண்ணெயிற் கழுவி, சிறிது நேரம் ஊறவிட்டு, உலரத் துடைத்தார். பிறகு, நாம் வகுப்பில் எழுதும் சாக்குக்கட்டியைப் பொடித்துத் தண்டின் அடியில், உட்பேரிங் அமரும் வளைந்த மூலையைச் சுற்றித் தூவினார். இடப்புறத்தது வெண்மையாகவே இருந்தது. வலப்புறத்ததில் சற்று நேரங்கழித்து மயிரிழை போன்ற ஒரு கருங்கோடு, விரற்கடை நீளத்தில், தோன்றிற்று. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பினுள் புகுந்திருந்த எண்ணெய் சாக்குப்பொடியில் ஊறி வெளிப்பட்டது. துடைத்துவிட்டு மறுமுறை தூவினார். அதே இடத்தில் அதே கோடு.

அங்கு நின்ற ஐவரும் ஒன்றும் பேசவில்லை. சக்கரத்தைத் தாங்கும் தண்டு அது. அதன் வேரில் வெடிப்பு. முறியுமாயின் சக்கரம் தனியே ஓடும். வண்டி பள்ளம் நோக்கிச் சாயும். நம் மாணவர் பதினொருவர் மூட்டைகளின்மேல் அமர்ந்து வருவதாக முதலிற் பேச்சிருந்தது. ஆளை ஏற்றமாட்டேன் என்று வண்டிக்காரர் மறுத்தமையால் அவர்கள் பேருந்தில் சென்றனர்.

புதிய ஸ்டப் ஆக்சிலின் விலை அவருக்கு இரண்டு மாத வருவாய்க்கு நிகர். அருகிலிருந்த ஒருவர், வெல்டிங் வைத்துக் கடைசல் பிடித்தால் நூற்றுக்கணக்கில் முடியும், ஆயிரக்கணக்கில் வேண்டாம் என்றார். வண்டிக்காரர் மேஸ்திரியின் முகத்தை நோக்கினார். மேஸ்திரி வெடித்த உறுப்பைக் கையில் எடுத்து, கொட்டகையின் மூலையில் இருந்த பழைய இரும்புக் குவியலில் எறிந்தார். "இதுக்கு வெல்டிங் கிடையாது. வேற பட்டறையில வெச்சுக் குடுப்பாங்க. நீ போறதுன்னா போ, நான் பூட்டமாட்டேன்." பிறகு குரல் தாழ்த்தி, "உன் பொண்ணு எத்தனாவது படிக்கிறா?" என்று கேட்டார். "ஒன்பதாவதுங்க அண்ணா" என்ற விடை வந்தது. வேறு பேச்சு நிகழவில்லை. மேஸ்திரி நாமக்கல்லில் ஒரு சாமான் கடைக்குத் தொலைபேசியிற் பேசினார். அவர் வாக்கின்பேரில், மூன்று தவணையிற் செலுத்துவதாக, புதிய ஸ்டப் ஆக்சில் அன்று மாலையே பேருந்தின் கூரையில் வந்து சேர்ந்தது. போலிச் சாமான் மலிந்த காலமாதலின், அவர் கடைக்காரரிடம் விலையைப் பேசுமுன் உற்பத்தியாளர் முத்திரையைப் பற்றியே பேசினார் என்பதையும் குறித்தல் வேண்டும்.

மூன்றாம் நாள் பூட்டும் வேலை. கழற்றுவது வலிமையைச் சார்ந்தது. பூட்டுவது விரலைச் சார்ந்தது. புதிய புஷ்களை அழுத்திப் பொருத்துகையில் அவற்றின் துளை கிரீஸ் நிப்பிளின் துளைக்கு நேரே நிற்குமாறு கவனித்தனர். இம்மியளவு விலகினும் ஆயுள் முழுதும் கிரீஸ் ஏறாது. பின் ரீமர் என்னும் கருவியை நுழைத்து, மேற்புஷ்ஷையும் கீழ்ப்புஷ்ஷையும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி சீவினார். ஒரு சுற்று, எடுத்துத் துடைப்பு, ஆணியை நுழைத்துப் பார்ப்பு, மீண்டும் அரைச் சுற்று. ஆணி தன் பாரத்தால் தானே விழுதலும் கூடாது. சுத்தியலை வேண்டுதலும் கூடாது. உள்ளங்கையால் அழுத்த இறங்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆணியைச் சுழற்றியபோது நமக்குப் பால் பிராண்டு அவர்களின் நினைவு வந்தது. முன்னர்க் கூறிய ஜெஸ்ஸி பிராண்டின் மைந்தராய் இம்மலையிலே வளர்ந்த அவர், மருத்துவம் பயிலுமுன் கட்டடத் தொழிலைக் கைப்படக் கற்றவர். 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி அமைத்து நிமிரச் செய்தவர். தச்சு வேலையிற் பழகிய கை சத்திர சிகிச்சைக்கு உதவிற்று என்பதை நாம் நூலிற் படித்தபோது உபசாரமென்றே கொண்டோம். ரீமர் பிடித்த கையைக் கண்டபின் அதனை ஐயுறுவதற்கில்லை.

த்ரஸ்ட் பேரிங்கை அதன் மூடிய பக்கம் மேலே வருமாறு வைத்தனர். நீரும் தூசியும் உட்புகாமைக்கே இவ்வேற்பாடு. தலைகீழாக வைத்தாலும் அன்று ஒன்றும் தெரியாது. ஒரு மழைக்காலம் கழிந்தபின் தெரியும். பிறகு ஸ்டப் ஆக்சிலை ஜாக்கியால் மெல்ல மேலே தள்ளி, அச்சின் மேல்முகத்துக்கும் கவையின் மேல்விரலுக்கும் இடையே எஞ்சிய சந்தில் பீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாய் நுழைத்து அளந்து, வண்டியின் கையேடு கூறும் அளவு வருமாறு ஷிம் தகடுகளை இட்டனர். காட்டர் பின்னை அடித்து நட்டை இறுக்கியவுடன், ஹப்பை மாட்டுமுன் கிரீஸ் அடித்து, மேலும் கீழும் அது வெளிவரக் கண்டனர். அடைப்பு இருப்பின் கழற்றுவதற்கு அதுவே எளிய தருணமன்றோ!

ஹப்பின் பேரிங்குகளைக் கழுவி, புதுக் கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளின் இடுக்குகளில் ஏறும்படி அழுத்தினர். பேரிங்கின் வெளிப்புறம் தடவுவது அலங்காரமே என்று மேஸ்திரி இளைஞனைக் கடிந்தார். பெரிய நட்டை இறுக்கும்போது ஒருவர் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுழற்சி கனக்கும் அளவு இறுக்கி, பிறகு ஸ்பிலிட் பின் துளை நேர்ப்படும்வரை சிறிது பின்வாங்கினார். சக்கரம் தங்குதடையின்றிச் சுழல வேண்டும். பிடித்து அசைத்தால் ஆட்டமும் கூடாது. மிக இறுக்கின் பேரிங் வெந்துபோகும். தளர்ந்தால் சக்கரம் தள்ளாடும்.

எஞ்சியது சக்கரங்களின் நேர்மை. இரு டயர்களின் நடுவிலும் சாக்குக்கட்டியைத் தடவி, சக்கரத்தைச் சுழற்றி ஓர் ஆணிமுனையை நிலையாகப் பிடித்து மெல்லிய கோடு இழுத்தார். வண்டியைத் தரையில் இறக்கிச் சிறிது முன்னே உருட்டியபின், அக்கோடுகளுக்கு இடையேயுள்ள தூரத்தை அச்சின் உயரத்தில் முன்புறம் ஒருமுறையும் பின்புறம் ஒருமுறையும் அளந்தார். முன்னளவு பின்னளவினும் சில மில்லிமீட்டர் குறைந்திருத்தல் வேண்டும். டை ராடு குழலின் ஒரு முனை வலத்திருகும் மறுமுனை இடத்திருகும் உடையதாதலின், குழலைச் சுழற்றினால் அது நீளவும் குறுகவும் செய்யும். மூன்றுமுறை அளந்து, மூன்றுமுறை சுழற்றிக் கவ்விகளை இறுக்கினார். கடைசியாக வில்லுப்பட்டைகளைப் பிடிக்கும் யூ போல்ட்டுகளை நோக்கினார். அவற்றின்கீழ் ஆப்பு வடிவத் தகடு ஒன்று உண்டு. கழற்ற நேரின், பருத்த முனை எப்புறம் இருந்ததென்று முன்னரே சாக்குக்கட்டியாற் குறித்துக்கொள்ள வேண்டுமென்றும், மாற்றி வைத்தால் திருப்பிய ஸ்டீரிங் தானே நேராகத் திரும்பி வாராதென்றும் நமக்குச் சொன்னார். முன்னச்சுக்குப் பட்டை போட்ட மறுபயன் டயரை மாட்டலாகாது என்பதையும் வண்டிக்காரருக்கு நினைவூட்டினார்.

நாலாம் நாள் விடியலில் மூட்டைகளை ஏற்றினோம். ஆளில்லாமல் சரக்கு மட்டும் முன்னே செல்ல, நாம் பின்னே ஒரு ஜீப்பில் சென்றோம். மேஸ்திரி இட்ட கட்டளைப்படி வண்டிக்காரர் காரவள்ளியில் ஒருமுறையும், பத்தாவது வளைவில் ஒருமுறையும், முப்பதாவதில் ஒருமுறையும் நிறுத்தி, இரு ஹப்புகளையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடு மட்டுமே இருந்தது. வளைவுதோறும் ஸ்டீரிங் சக்கரம் அவர் பிடி தளர்ந்தவுடன் தானே நேராகச் சுழன்று வந்தது. அதனைக் காட்டுவதற்காகவே ஓரிடத்தில் கையைச் சற்று விலக்கிக் காட்டிச் சிரித்தார். செம்மேட்டில் சுமை இறங்கியபோது மணி பத்து.

எட்டு நாட்கழித்து முகாம் முடிந்து இறங்கிவருகையில், சேந்தமங்கலத்து வேப்பமரத்தடியில் அதே லாரியைக் கண்டோம். கிழங்கு நிறைய ஏற்றியிருந்தது. இளைஞன் வீல் நட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் மறுமுறை இறுக்கிக்கொண்டிருந்தான். புதிதாகப் பூட்டியவை பாரத்தோடு ஓடியபின் சிறிது தளரும் என்பது கணக்கு. யூ போல்ட்டு ஒன்று அரைச் சுற்று ஏறிற்று. மேஸ்திரி கீழே குனிந்து கிங்பின்னின் விளிம்பைத் துணியால் துடைத்து, கசிந்திருந்த கிரீஸின் நிறத்தை நோக்கினார். வண்டிக்காரர் முதல் தவணைப் பணத்தை அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டு, இராசிபுரத்துச் சவ்வரிசி ஆலையில் எடை போடும் வரிசை நீண்டுவிடும் என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.